புகாரை மூடும் உரிமை யாருக்கு?

சென்னையில் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழை இன்று வீட்டில் இருந்தபடியே, ஒரு பைசா செலவில்லாமல், மாநகராட்சியின் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சொத்துவரியையும் அப்படியே கட்டிவிடலாம். இதற்காக அரைநாள் கூலியை விட்டுவிட்டு மண்டல அலுவலகத்துக்கு நாலு நடை நடந்தவர்களுக்குத்தான் இந்த மாற்றத்தின் அருமை தெரியும். தொழில்நுட்பம் நகரவாசியின் நேரத்தையும் மானத்தையும் காப்பாற்றும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அதே நகரவாசி, தெருவிளக்கு எரியவில்லை என்றோ, மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டது என்றோ மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-ஐ அழைத்தால் அனுபவம் வேறாக இருக்கிறது. புகார் எண் உடனே வந்துவிடுகிறது. மாநகராட்சியின் ‘நம்ம சென்னை’ செயலியில் படத்தோடு அனுப்பினாலும் அப்படித்தான். பிறகு ஒரு நாள், புகார் முடித்துவைக்கப்பட்டதாகத் தகவல் வருகிறது. தெரு மட்டும் இருட்டாகவே கிடக்கிறது. வேலை நடக்காமலேயே புகார்கள் மூடப்படுகின்றன என்பது குடியிருப்போர் நலச்சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவரும் குறை.

குறை செயலியில் இல்லை. வேலையைச் செய்ய வேண்டிய அலுவலகமே வேலை முடிந்ததா இல்லையா என்பதையும் தீர்மானிக்கிறது. தேர்வு எழுதிய மாணவனே தன் விடைத்தாளைத் திருத்திக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. ஆகவே, புகாரை மூடும் உரிமை புகார் கொடுத்தவருக்கே வேண்டும். சமையல் எரிவாயு சிலிண்டர் வீட்டுக்கு வரும்போது, வாடிக்கையாளரின் கைபேசிக்கு வந்த எண்ணைக் கேட்டு வாங்கித்தான் விநியோகத்தைப் பதிவு செய்கிறார்கள். ஒரு சிலிண்டருக்கு இருக்கும் இந்த ஏற்பாடு, ஒரு தெருவின் சாக்கடைக்கு ஏன் இருக்கக் கூடாது? திருப்தி இல்லையென்றால் மறுபடியும் புகார் கொடுக்கலாமே என்பது பதிலாகாது. ஒவ்வொரு புதிய எண்ணும் பழைய தாமதத்தை மறைத்துவிடும்.

எல்லாவற்றையும் மக்கள் கையில் கொடுத்தால் சிலர் வீம்புக்குப் புகாரைத் திறந்தே வைப்பார்கள் என்று அதிகாரிகள் அஞ்சலாம். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. புகார்தாரர் மூட மறுக்கும் புகாரை, நேரில் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பை வேறு மண்டலத்துப் பொறியாளரிடம் கொடுத்தால் போதும். தங்களுக்குச் சம்பந்தமில்லாத துறையின் வேலைக்குத் தாங்கள் பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது என்ற கீழ்நிலைப் பொறியாளர்களின் வருத்தம் இதைவிடக் கனமானது. சென்னையின் ஒரே சாலையில் மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம், சில இடங்களில் நெடுஞ்சாலைத் துறை என்று பலருக்கும் வேலை இருக்கிறது. மாநகராட்சிக்கு 1913, குடிநீர் வாரியத்துக்கு 1916, மின்சாரத்துக்கு மின்னகம் சேவை மையம். தெருவில் பள்ளம் வெட்டியது யார் என்று கண்டுபிடித்து, உரிய எண்ணுக்கு அழைக்கும் வேலை மக்கள் தலையில் விழுகிறது.

நியூயார்க்கிலும் ஒரு காலத்தில் இதே கதிதான். தொலைபேசிப் புத்தகத்தில் நகர அலுவலகங்களின் எண்கள் மட்டும் 14 பக்கங்களுக்கு நீண்டன. 2003-ல் 311 என்ற ஒரே எண் வந்தது. எந்தத் துறையின் வேலை என்று தேடுவது அதன் பிறகு நகர நிர்வாகத்தின் கடமையானது. அங்கு வரும் புகார்களின் விவரம், புகார்தாரரின் அடையாளம் இல்லாமல், பொதுவெளியில் கிடைக்கிறது. நகரத்தின் தரவுகளைத் திறந்துவைக்க 2012-ல் சட்டமே இயற்றினார்கள். எந்தப் பகுதியில் எது எத்தனை நாளாகத் தீராமல் கிடக்கிறது என்று அங்கே யாரும் கணக்குப் பார்க்கலாம்.

இந்தக் கணக்குதான் முக்கியம். ஒரே தெருமுனையிலிருந்து மூன்று மழைக்காலம் தொடர்ந்து புகார் வந்தால், அங்கே அடைப்பு எடுப்பது மட்டும் போதாது, வடிகாலின் வாட்டமே தவறு என்று பொருள். சியோல் நகரம் 2013-ல் நள்ளிரவுப் பேருந்துகளை விட்டபோது, தடங்களை அதிகாரிகளின் ஊகத்துக்கு விடவில்லை. ஏறத்தாழ 300 கோடி இரவு நேரக் கைபேசி அழைப்புகளின் தரவை ஆராய்ந்து, மக்கள் அந்நேரத்தில் எங்கே இருக்கிறார்கள், எங்கே போகிறார்கள் என்று பார்த்துத் தடம் வகுத்தது. சென்னைக்கு அவ்வளவு கூட வேண்டாம். தன்னிடம் குவிந்திருக்கும் புகார்களை வார்டு வாரியாக வெளியிட்டால் போதும். 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டின் நகரங்களில், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. அந்தச் சபையில் கவுன்சிலர் எழுந்து நிற்கும்போது, அவருடைய வார்டின் தீராத புகார்ப் பட்டியல் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும்.

காலக்கெடுவுக்குச் சட்டத்தின் பலமும் தேவை. சேவை பெறும் உரிமைக்கு 2010-ல் முதன்முதலில் சட்டம் செய்தது மத்தியப் பிரதேசம். கர்நாடகத்தின் ‘சகாலா’ திட்டத்தில் விண்ணப்பதாரருக்கு ஓர் எண் தருகிறார்கள். விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்பதைச் சாதாரணக் கைபேசியின் குறுஞ்செய்தியிலேயே அறியலாம். கெடு தாண்டினால் நாளுக்கு 20 ரூபாய் வீதம் 500 ரூபாய் வரை இழப்பீடு. பொறுப்பான அதிகாரியிடமிருந்தே அது வசூலிக்கப்படும். தொகை சிறியதுதான். ஆனால் தாமதத்துக்கு ஒரு பெயரும் ஒரு விலையும் உண்டு என்று சட்டம் சொல்லிவிட்டது. சமூகநீதிச் சட்டங்களில் நாட்டுக்கு முன்னோடியாக நின்ற தமிழ்நாட்டில் இப்படியொரு சட்டம் இன்னும் இல்லை என்பது வெட்கத்துக்குரியது. அது வரும்போது சான்றிதழ், உரிமங்களோடு நின்றுவிடாமல் தெருவிளக்கையும் குடிநீரையும் சாக்கடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2015-ல் தொடங்கிய பொலிவுறு நகரங்கள் திட்டம் 2025 மார்ச்சில் முடிந்தது. நூறு நகரங்களிலும் பெரிய திரைகளோடு கட்டுப்பாட்டு மையங்கள் எழுந்துள்ளன. நல்லது. அந்தத் திரைகளில் போக்குவரத்து தெரிவதுபோல, கெடு தாண்டிய புகார்களும் தெரிய வேண்டும். செயலியைத் திறக்கத் தெரியாத மூதாட்டியும், ஸ்மார்ட்போன் இல்லாத தூய்மைப் பணியாளரும் தமிழில் பேசிப் புகார் கொடுக்க 1913-இல் எந்நேரமும் மனிதக் குரல் கேட்க வேண்டும். ஏழைகள் வாழும் கண்ணகி நகரில் குழாயில் கலங்கல் தண்ணீர் வந்தாலும் வசதியான அடையாறில் வந்தாலும் கெடு ஒன்றாகவே இருக்க வேண்டும்.

சட்டம் இயற்றச் சட்டமன்றம் கூட வேண்டும். ஆனால், புகார் கொடுத்தவரோ நேரில் பார்த்த வேறு மண்டலப் பொறியாளரோ ஒப்புக்கொள்ளாமல் எந்தப் புகாரையும் மூடக் கூடாது என்று உத்தரவிட மாநகராட்சி ஆணையரின் ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே அதை அவர் பிறப்பிக்க வேண்டும்.