பறக்கும் ரயில் இனி யார் கையில்?



கோட்டூர்புரத்தில் எங்கள் மாடி வீட்டுப் பையன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். ஒரு நாள் அவனை ரயிலில் திருவல்லிக்கேணிக்கு அழைத்துப் போனேன். வண்டி அடையாற்றைத் தாண்டும்போது, "பாட்டி, இதைப் பறக்கும் ரயில்னு சொல்றாங்களே, இறக்கையே இல்லையே?" என்று கேட்டான்.

எதிரில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா சிரித்துவிட்டார். "இறக்கை எதுக்குப்பா? அஞ்சு ரூபாய்க்கு டிக்கெட் இருக்கு பாரு, அது போதும்" என்றார்.

இரண்டு பேர் சொன்னதிலும் ஒரு பாடம் இருக்கிறது. முதலில் பையனின் கேள்விக்கு வருவோம்.

நீராவியும் மின்சாரமும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குப் புறப்பட்டது. அது வெளியூர் ரயில். நகரத்துக்குள் தினமும் வேலைக்குப் போய் வருவதற்கு நல்ல வசதி 1931-ல் கிடைத்தது. அந்த ஆண்டு கடற்கரை - தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது.

மின்சார ரயிலில் தனி எஞ்சின் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார்கள் இருக்கும். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருக்கும். அதனால் கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்ட வேண்டாம். சட்டென்று வேகம் எடுக்கும், சட்டென்று நிற்கும். பக்கத்துப் பக்கத்தில் நிலையங்கள் உள்ள நகரத்துக்கு இதுதானே பொருத்தம்?

ஆனால் அந்தப் பாதை எழும்பூர், மாம்பலம், கிண்டி வழியாகப் போனது. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு மக்களுக்கு ரயில் எட்டவில்லை.

தூண் மேல் ஒரு பாதை

நெருக்கமான வீடுகளுக்கு நடுவே தண்டவாளம் போட நிலத்துக்கு எங்கே போவது? பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்கள் எழுப்பி, அவற்றின் மேல் பெரும்பகுதிப் பாதையை அமைத்தார்கள். அதனால்தான் மக்கள் இதற்குப் பறக்கும் ரயில் என்று பெயர் வைத்தார்கள்.

1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997-ல் திருமயிலை வரையும் ரயில் வந்தது. 2004-ல் கோட்டூர்புரத்தைத் தாண்டித் திருவான்மியூர் சென்றது. 2007-ல் வேளச்சேரியைத் தொட்டது. ஏறத்தாழ 19 கிலோமீட்டர் போட 12 ஆண்டுகளுக்கு மேல் ஆனது!

இதற்குக் கால்வாயும் ஒரு விலை கொடுத்தது. தண்ணீர் ஓடும் இடத்திலேயே பல தூண்கள் நிற்பதால், மழை வெள்ளம் வடிய இடைஞ்சல் என்று சூழல் ஆர்வலர்கள் குறை சொல்கிறார்கள்.

ரயில் வந்தது, கூட்டம்?

பாதை போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைப்போம். அப்படி இல்லை. ஒருவர் வீட்டிலிருந்து நேரே ரயிலில் ஏறுவதில்லை. நடக்கிறார், பேருந்தில் வருகிறார், பிறகுதான் ரயில். இறங்கிய பிறகும் அப்படித்தான். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் சங்கிலியே பயன்படாது.

பறக்கும் ரயிலுக்கு நேர்ந்தது இதுதான். பல நிலையங்களில் வாசலுக்கே பேருந்து வரவில்லை. கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று பெரிய பெரிய மாடிகளாக நிலையங்களைக் கட்டினார்கள். அவற்றில் பெரும்பகுதி காலியாகவே கிடந்தது. ஆளில்லாத, வெளிச்சம் குறைந்த இடத்தில் இரவில் தனியாக நடக்க யாருக்குத்தான் பயம் இருக்காது?

வேளச்சேரியிலிருந்து பறங்கிமலைக்கு 5 கிலோமீட்டர்தான். அங்கே போய்ச் சேர்ந்தால் தாம்பரம் ரயிலையும் மெட்ரோவையும் பிடிக்கலாம். 2008-ல் தொடங்கிய அந்த வேலை, நிலம் எடுப்பதில் வந்த சிக்கலால் பல ஆண்டுகள் நின்றது. 2024 முடிந்தபோதும் அந்தப் பாதையில் பயணிகள் ரயில் ஓடவில்லை.

இன்னொன்றும் நடந்தது. கடற்கரை - எழும்பூர் நான்காவது பாதை வேலைக்காக, 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து 2024 அக்டோபர் கடைசி வரை பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிட்டது. கடற்கரைக்கும் பூங்கா நகருக்கும் போகிறவர்கள் அங்கே இறங்கி வேறு வண்டி தேடினார்கள்.

மெட்ரோவோடு சேர்ந்தால்?

2015 முதல் சென்னையில் மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. பறக்கும் ரயிலையும் மெட்ரோ நிறுவனமே நடத்தட்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக உண்டு. 2025-ல் ரயில்வே வாரியம் இதற்குக் கொள்கை அளவில் சம்மதம் தந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் 'சென்னை ஒன்' என்ற செயலியும் வந்தது.

இப்போது தராசைக் கையில் எடுப்போம். ஒரு தட்டில் என்ன இருக்கிறது? சுத்தமான நிலையம், நல்ல வெளிச்சம், லிஃப்ட், அடிக்கடி வண்டி, ஒரே டிக்கெட்டில் பல பயணம். இவையெல்லாம் கிடைக்கலாம். திருமயிலையில் மெட்ரோவின் இரண்டு புதிய பாதைகள் சந்திக்கப் போகின்றன. அங்கே பறக்கும் ரயிலும் இருப்பதால், விட்டுப்போன கண்ணிகளில் ஒன்று சேரும்.

மறு தட்டில் இருப்பது பூக்காரம்மாவின் ஐந்து ரூபாய். மெட்ரோவில் குறைந்த கட்டணமே 10 ரூபாய். தினமும் போக, வர என்று மாதம் முழுவதும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 நாளைக்கு 250 ரூபாய், 500 ரூபாய் ஆகிவிடும். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும், கல்லூரி மாணவர்களுக்கும் அது சின்னத் தொகையா?

நிலையங்கள் நன்றாக வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நிலையத்தை அழகாக்கிவிட்டு, இத்தனை நாள் அதை நம்பி வந்தவர்களை ஏற முடியாமல் செய்துவிடக் கூடாது. யார் நடத்தினாலும், சீசன் டிக்கெட்டும் மாணவர் சலுகையும் அப்படியே இருக்கும் என்று முதலிலேயே எழுத்தில் உறுதி தர வேண்டும். இது என் கருத்து. நீங்கள் வேறு மாதிரியும் நினைக்கலாம்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை ரயிலில் போகும்போது, நிலைய வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் எத்தனை அடி தூரம் என்று நடந்து எண்ணுங்கள். லிஃப்ட் ஓடுகிறதா, எத்தனை விளக்கு எரிகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு வகுப்பில் பேசுங்கள். எங்கள் மாடி வீட்டுப் பையன் கோட்டூர்புரம் நிலையத்தில் எண்ண ஆரம்பித்துவிட்டான். பாதியில் கணக்கு விட்டுப்போய், மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறான்!