பூசுவதெல்லாம் ஊட்டுவதே

கொல்லிமலை என்றால் மூலிகை. இதைச் சொல்லாமல் அந்த மலையைப் பற்றி ஒரு பத்தி எழுத நம் ஆட்களுக்கு வராது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆகாய கங்கையில் குளித்து, அரப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, இறங்கும்போது கையில் ஒரு வேர்க்கட்டும் பெயர் தெரியாத பச்சைத் தைலமும் இருந்தால்தான் போய்வந்த திருப்தி. ‘சித்தர் பூமி சார், இங்க முள்ளு குத்துனா பக்கத்துச் செடியே மருந்து’ என்று சொல்லாத ஜீப் டிரைவரை நான் பார்த்ததில்லை.

அந்தப் பேச்சோடுதான் எனக்குச் சண்டை. காரணம் ஒரு பூனை.

செம்மேட்டுப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் சில வருடங்கள் இருந்தேன். சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் கீழே காபிச் செடியுமாக இருக்கிற தோட்டத்து ஓர வீடு. அங்கே ஒரு சாம்பல் நிறப் பெட்டைப் பூனை என்னோடு ஒட்டிக்கொண்டது. ஒருநாள் காலையில் அதன் இடுப்பில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. வேலிக் கம்பி கிழித்திருக்கும். ரத்தம்கூட நின்றுபோய்விட்டது. நன்றாகத்தான் நடந்தது, சாப்பிட்டது.

சும்மா விட்டிருக்கலாம். விடவில்லை. முதலில் காபித்தூள் வைத்து அமுக்கினேன். சின்ன வயதில் எனக்கு முட்டியில் அடிபட்டால் அம்மா அதைத்தான் செய்வாள். அடுத்து வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாறு பிழிந்தேன். சாயங்காலம் மஞ்சளும் வேப்பெண்ணெயும். எல்லாவற்றையும் அது நக்கி எடுத்தது. மறுநாள் மூலையில் சுருண்டு படுத்திருந்தது. ‘வலிக்குது போல’ என்று நினைத்து, வீட்டில் இருந்த பாராசிட்டமால் மாத்திரையில் பாதியை நுணுக்கிப் பாலில் கலந்து வைத்தேன். குடித்துவிட்டது.

ராத்திரி முகம் வீங்கியது. ஈறு சாக்லேட் நிறமாகிவிட்டது. மூச்சு இழுத்தது. அந்த நேரத்தில் கீழே போக பஸ் கிடையாது. விடியும் முன்னால் முடிந்துவிட்டது.

அந்தக் காயம் ஒரு வாரத்தில் தானாகவே ஆறியிருக்கும். பூனையைக் கொன்றது என் வைத்தியம்.

இதை ஒரு சோகக் கதையாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இது வேதியியல். பாராசிட்டமால் போன்ற பொருட்களை உடம்பிலிருந்து வெளியேற்ற நம் கல்லீரலில் ஒரு நொதி இருக்கிறது. பூனையிடம் அந்த நொதிக்கான மரபணு உடைந்து கிடக்கிறது, வேலை செய்வதில்லை. வீட்டுப் பூனைக்கு மட்டுமில்லை, சிங்கத்துக்கும் அப்படித்தான். கறி மட்டுமே தின்று வாழ்ந்த குடும்பம். செடிகொடியில் இருக்கிற நச்சைச் சமாளிக்கவேண்டிய தேவையே அதற்கு வரவில்லை என்கிறார்கள். அதாவது, மூலிகைக்கு மிகத் தூரத்தில் இருக்கிற உடம்பு ஒன்று உண்டென்றால் அது பூனையின் உடம்புதான். அதைப் பிடித்துத்தான் நாம் மூலிகையைத் தேய்க்கிறோம்.

இன்னொன்று அதன் நாக்கு. மனிதன் காலில் களிம்பு போட்டால் அது காலில் இருக்கும். பூனை முழித்திருக்கும் நேரத்தில் ஒரு பங்கை உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதில் கழிக்கிறது. அதன் தோலில் வைத்த எதுவும் கொஞ்ச நேரத்தில் வயிற்றில் இருக்கும். காபித்தூள் வைத்தால் கஃபீன் ஊட்டுகிறீர்கள்: நெஞ்சு படபடக்கும், நடுக்கம் வரும். வேப்பெண்ணெய் வைத்தால் எச்சில் ஒழுகி உதறல் எடுக்கலாம். பூண்டும் சின்ன வெங்காயமும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கற்பூரம் சொல்லவே வேண்டாம். தண்ணீரில் ஊற்றினால் வெள்ளையாகிற ஆன்டிசெப்டிக் திரவங்கள் பீனால் வகை, அவையும் பூனைக்கு ஆகாது. நாய்க்கு உண்ணி போக அடிக்கிற பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு வலிப்பு கொண்டுவரும்.

இப்போது ஒரு குரல் வரும், எனக்குத் தெரியும்: ‘அப்ப நம்ம பாரம்பரியம் எல்லாம் பொய்யா?’

முதலில் பாரம்பரியம் எது என்று பேசுவோம். ‘சித்தர் கொடுத்த செடி’ என்று எனக்குக் காட்டப்பட்ட அந்த வெட்டுக்காயப் பூண்டு அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த களை. காபியும் வந்தேறிதான். ஓரி ஆண்ட காலத்தில் இரண்டுமே இந்த மலையில் கிடையாது. வந்ததால் அவை மட்டமில்லை, வெட்டுக்காயப் பூண்டு மனிதக் காயத்துக்கு உதவவும் கூடும். ஆனால் இரண்டாயிரம் வருஷப் பெருமையை அதன் தலையில் ஏற்றி, அந்தப் பெருமையையே சான்றாகக் காட்டாதீர்கள்.

உண்மையான நாட்டு மருத்துவம் இவ்வளவு சோம்பேறியானது இல்லை. பசுவின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுவதைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்து ஆட்களே எடுத்து ஆராய்ந்து பரப்பினார்கள். அது பசுவுக்கு, பசுவின் மடிக்கு. அதே விழுதைப் பூனை மேல் அப்பினால் சுண்ணாம்பு தோலைச் சுடும், கற்றாழைப் பால் வயிற்றைக் கலக்கும். என் வீட்டுக்கார ஆயா ஆட்டுக்கு இலை அரைத்துக் கட்டுவார். பூனைக்கு எதையும் வைத்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் நான் காபித்தூளோடு நின்றபோது, ‘அது நக்கிக்கும் கண்ணு, விடு’ என்றுதான் சொன்னார். ஆயாவுக்குப் படிப்பறிவு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கொல்லிமலையின் அறிவு என் எதிரிலேயே நின்று பேசியது. நான் செல்போனில் மூலிகை தேடிக்கொண்டிருந்தேன்.

சரி, என்னதான் செய்வது? ரொம்பக் கொஞ்சம். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு. பூனையைத் துண்டில் சுற்றி, ஒருவர் பிடித்துக்கொள்ள, சுத்தமான பழைய வேட்டித் துணியை நனைத்து, அழுக்கு போகும்வரை ஒற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம், நார் ஒட்டும். சுற்றியுள்ள முடி காயத்துக்குள் போனால் மழுங்கிய கத்தரியால் ஒதுக்கி வெட்டலாம். மருந்து ஏதாவது போட்டே ஆகவேண்டும் என்று கை துறுதுறுத்தால், போவிடோன் அயோடின் கரைசலை நீர்த்த கட்டன் சாயா நிறத்துக்கு வரும்வரை தண்ணீர் விட்டுக் கலக்கி ஒருமுறை ஒற்றி, காய்கிறவரை நக்கவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஓயாமல் நக்கிப் புண்ணாக்கினால் அட்டையில் புனல் மாதிரி செய்து கழுத்தில் மாட்டலாம், தின்னவும் மூச்சுவிடவும் இடைஞ்சல் இல்லாமல். காலையும் மாலையும் பாருங்கள். இரண்டு நாளில் காய்ந்து பொருக்குத் தட்டவேண்டும்.

இது கீறலுக்கும் சிராய்ப்புக்கும் மட்டும். இன்னொரு பூனை கடித்தது என்றால் கணக்கே வேறு. பூனைப் பல் ஊசி. மேலே ஒரு புள்ளிதான் தெரியும், அது சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே கிருமி தங்கி இரண்டு மூன்று நாளில் சீழ்க்கட்டியாக வீங்கும். சீழ், நாற்றம், புழு, நொண்டல், ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமை, இதில் எது வந்தாலும் டாக்டரிடம் போகவேண்டும். பிடிக்கும்போது பூனை உங்களைக் கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநாய்க்கடி நோய் பூனை மூலமும் வரும். இதிலும் வீரம் காட்டாதீர்கள்.

‘டாக்டரிடம் போங்கள்’ என்று நான் சுலபமாக எழுதிவிட்டேன். மலைமேல் இருப்பவரைக் கேளுங்கள். நாமக்கல்லில் 1985இலிருந்து ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோழிக்குப் பேர்போன ஊர், கோழி வைத்தியத்துக்கும் குறைவில்லை. மலையிலும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட ஆள் வருவார். பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு 70 வளைவு இறங்குகிறேன் என்று சொல்லிப்பாருங்கள், பஸ்ஸே சிரிக்கும். அரசாங்கமும் அப்படித்தான். 2019இன் கால்நடைக் கணக்கெடுப்பில் நாய் உண்டு, முயல் உண்டு, யானைகூட உண்டு. பூனை இல்லை. எண்ணாத உயிருக்கு மருந்தகம் எங்கிருந்து வரும்? அந்த இடைவெளியில்தான் பச்சைத் தைலக்காரர்கள் கடை போடுகிறார்கள். அவர்களைவிட, இரண்டு நாள் சுற்றுலா வந்து ‘மலைவாசிக்கு ஆஸ்பத்திரி எதுக்கு, காடே ஆஸ்பத்திரி’ என்று பதிவு போடுகிற நம் ஆட்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம். ரோடும் டாக்டரும் கேட்கவேண்டிய வாய்க்கு மூலிகைப் பட்டம் கொடுத்து அடைக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பூனைக்குத் தும்மல் வந்தால் ஏசி கிளினிக்.

சிரித்து மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவை என்று இந்த மலைக்கு ஒரு பழங்கதை உண்டு. பச்சைத் தைல பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம்தான்.

இப்போது கீழே குடிவந்துவிட்டேன், வேறு பூனை. போன மாதம் காதோரம் ஒரு கீறலோடு வந்தது. உப்புத் தண்ணீரால் துடைத்தேன். கை சும்மா இருக்க மறுத்தது, அதனால் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கி நக்கிக் காதைத் துடைத்துக்கொண்டிருந்தது.