கல் போக

எங்கள் வீட்டு அட்டிகையின் மொத்த எடை 26 கிராம். கல்லும் அரக்கும் போக 19. வருடா வருடம் ஆவணி கடைசியிலோ புரட்டாசி முதலிலோ கூட்டுறவுச் சங்கத்தில் எழுதிக் கொடுக்கிற கணக்கு இது. சீட்டில் இரண்டு எடையும் இருக்கும். முதலாவதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கடன் இரண்டாவதுக்குத்தான்.

அப்பாயி 1958-ல் கல்யாணமாகி வந்தபோது கழுத்தில் போட்டு வந்த அட்டிகை. குன்னம் பக்கம் மானாவாரி பூமி. மழை பெய்தால் மக்காச்சோளம், பருத்தி. கையில் காசு இருக்கிற மாதத்தில் விதைப்பு வராது; விதைப்பு வருகிற மாதத்தில் காசு இருக்காது. அதனால் அட்டிகை சங்கத்துக்குப் போகும். தை, மாசியில் சோளம் விற்றுத் திருப்புவோம். மீட்பது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, திருப்புவதுதான். திருப்ப முடியாமல் ஏலத்துக்குப் போய்விட்டால் ‘மூழ்கிப் போச்சு’. கிணற்றில் விழுந்த குடத்துக்கும் அதே சொல்தான்.

பரம்பரை நகை என்றால் பட்டுத்துணியில் சுற்றி இரும்புப் பெட்டிக்குள் தலைமுறை தலைமுறையாகத் தூங்கும் என்று கதைகளில் வரும். எங்கள் பக்கம் அப்படியொரு நகையை நான் கண்டதில்லை. என்னைக் கேட்டால், ஒரு தடவையாவது அடகுக்குப் போய்த் திரும்பி வந்தால்தான் அது குடும்ப நகை. அதுவரை கடையில் வாங்கின சாமான்.

அட்டிகையைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரியும். முன்பக்கம் சிவப்புக் கெம்பு, நடுவில் வெள்ளைக்கல் வைத்த பதக்கம். பின்பக்கம் வலது ஓரத்தில், கட்டைவிரல் நகம் அகலத்துக்கு வழவழவென்று ஒரு தேய்மானம். உரைகல்லில் உரசிய இடம். மதிப்பீட்டாளர்கள் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள். முந்தைய ஆள் உரசிய இடத்திலேயேதான் அடுத்தவரும் உரசுகிறார். தொழில் மரியாதையோ என்னவோ. அப்பா கிணற்றை ஆழப்படுத்திய வருடம், சித்தப்பாவின் ஆபரேஷன், நான் திருச்சியில் படித்த மூன்று வருடம் எல்லாம் அந்த நகம் அகல இடத்தில்தான் இருக்கின்றன. இப்போது விற்கிற நகையில் ஹால்மார்க்கோடு எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்க அடையாளம் பொறிக்கிறார்கள். 2023 ஏப்ரலிலிருந்து அது இல்லாமல் கடைக்காரர் புது நகை விற்கக் கூடாது. எங்கள் அட்டிகைக்கு இந்தத் தேய்மானம்தான் அடையாளம்.

2018-ல் சோளத்தில் படைப்புழு விழுந்தது. அமெரிக்கக் கண்டத்துப் புழு, அந்த வருடம்தான் முதன்முதலாக இந்தியாவில் தென்பட்டது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் குருத்துக்குள் புகுந்து காடு காடாகத் தின்று தீர்த்தது. அந்தத் தையில் அட்டிகை திரும்பவில்லை. வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்தோம். பொங்கலன்று வந்த சித்தப்பா, “என்ன அண்ணி, கழுத்து…” என்று ஆரம்பித்து, “பொங்கல்ல வெல்லம் தூக்கலா இருக்கே” என்று முடித்தார்.

2021-ல் நடந்தது வேறு கூத்து. மாசியில் சோளம் விற்றுத் திருப்பிவிட்டோம். ஏப்ரலில் தேர்தல். செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது: கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரனுக்கு உட்பட்ட நகைக்கடன், தகுதியுள்ளவர்களுக்குத் தள்ளுபடி. நவம்பரில் அரசாணை. மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்த கடன்தான் கணக்கு. சில வாரம் பொறுத்திருந்தால் அசலும் வட்டியும் மிச்சம். தெருவே வந்து துக்கம் விசாரித்தது. அம்மா அசரவில்லை. “அது வரும்னு யாரு கண்டா? பங்குனியில சின்னவ வளைகாப்புக்கு நான் எதப் போட்டுக்கிட்டு நிப்பேன்?”

பாகம் பிரிக்கிற கதைக்கு எங்கள் சீமை பேர்போனது. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதிலிருந்து 2001-ல் அரியலூர் பிரிந்தது, மறு வருடமே ஒட்டவைத்தார்கள், 2007-ல் திரும்பவும் பிரித்தார்கள். அட்டிகைக்கு ஒரே பாகப்பிரிவினைதான். மூத்த மருமகளுக்கு என்று அப்பாயி எடுத்துக் கொடுத்துவிட்டார். அரியலூரில் வாக்கப்பட்ட அத்தைக்கு அது ஆறவே இல்லை.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அதில் ஒரு கெம்புக்கல் விழுந்துபோனது. உள்ளூர்ப் பத்தர் வேறு கல் வைத்துக் கொடுத்தார். அவர் அப்பா நல்ல வேலைக்காரர். 1963-ல் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றானபோது பட்டறையை மூடிவிட்டுக் கொத்து வேலைக்குப் போனவர். மகனுக்கு வந்தது பற்றவைப்பதும் கல் பதிப்பதும் மட்டும். கல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, நிறம் சேரவில்லை. சிவப்புக்கு நடுவே அது மட்டும் ரோஸ் அடிக்கும்.

விழுந்த கல்லை அத்தை கண்டெடுத்தார். அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது, கட்டுத்தறியைக் கூட்டுகையில், சாணியோடு. கொடுக்கவில்லை. இன்றும் அவர் சுருக்குப்பையில், சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில், துணி முடிச்சில் இருக்கிறது. “நகை எங்க அண்ணிக்கு. கல்லு எனக்கு. எங்கம்மா கழுத்துல கெடந்த கல்லு.” அவர் வைத்திருப்பது சங்கத்தில் கழித்துவிடுகிற பொருள்.

சங்கத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நகைக்கடன் விதிகளும் தங்கத்தின் மதிப்பை மட்டும் எடு, கல்லைச் சேர்க்காதே என்றுதான் சொல்கின்றன. கல்லையும் கணக்கில் வைத்தவர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜனும் அவன் அக்கா குந்தவையும் கொடுத்த நகைகளைக் கல்வெட்டில் படியுங்கள். பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்று ஒரு எடைக்கல், மணி பதித்தவற்றுக்கு ‘தட்சிணமேரு விடங்கன்’ என்று இன்னொன்று. முத்தை எண்ணி, வட்டம், அனுவட்டம், குறுமுத்து, சப்பத்தி, கறடு, சிவந்த நீர் என்று ஒவ்வொன்றின் தரத்தையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். மட்டமான முத்தை மறைக்கவும் இல்லை, கழிக்கவும் இல்லை. கொடுத்தவர் பெயரும் இருக்கிறது. ராஜராஜன் மகன் ராஜேந்திரன் தலைநகரை எங்கள் பக்கம் கங்கைகொண்ட சோழபுரத்துக்கே கொண்டுவந்தான். அங்கே மாளிகைமேட்டில் 2022-ல் தோண்டியபோது தங்கமும் செம்புமான காப்பு ஒன்றின் துண்டு கிடைத்தது. அது யார் கையில் கிடந்ததென்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

2025 ஆடியில் பெரம்பலூர் நகைக்கடை ஒன்றுக்கு அட்டிகையோடு போனோம். பழையதைக் கொடுத்துப் புதிதாக ஆரம் எடுக்கலாம் என்பது என் தங்கை யோசனை. பெட்டியைத் திறந்ததும் விற்பனைப் பையன் லென்ஸ் வைத்துப் பார்த்தான். “ஹால்மார்க் இல்லண்ணே. உருக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கல்லு எங்களுக்கு வேணாம், பிரிச்சுப் பொட்டலம் கட்டிக் குடுத்துடுறேன். ரோஸ் கல்லு ஒண்ணு இருக்கே, அதையும் சேர்த்தே குடுத்துடவா?” மரியாதையாகத்தான் கேட்டான். அம்மா பெட்டியை வாங்கி மூடினார். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தோம். அக்டோபரில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியது. தங்கை போன் பண்ணி, “அப்பவே மாத்தாதது நல்லதாப் போச்சு” என்றாள். அவளுக்கு அவள் கணக்கு.

அத்தைக்கு இப்போது 60 தாண்டிவிட்டது. கல்லை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். “உன் மவளுக்கு. ஆனா அட்டிகையில வச்சுப் பதிக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

அட்டிகை இப்போது சங்கத்தில் இருக்கிறது. சோளம் கதிர் பிடித்திருக்கிறது.