தணிகையில் ஒரு துர்வாசர்

சூரனை வதம் பண்ணி, வள்ளிக்காக வேடர்களோடும் மல்லுக்கட்டிவிட்டு, முருகன் கோபம் தணிந்து உட்கார்ந்த இடம் திருத்தணி என்பார்கள். கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் அமர்க்களப்படும்போது, இங்கே அது கிடையாது. முருகனுக்குப் பூவைக் கொட்டி அர்ச்சனை செய்வதோடு சரி.

அப்பேர்ப்பட்ட ஊரில் கோபம் தணியாத ஒரே ஆத்மா, எங்கள் ஹெட் கிளார்க்!

1994. அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் நான் புதுசு. தினமும் அரக்கோணத்திலிருந்து ரயில். ஐந்து நிமிஷம் லேட்டானால் போதும், அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் அவர் டிராயருக்குள் போய்விடும். "ஏமய்யா, ரயிலைத் தள்ளிக்கிட்டா வந்தே?" என்பார்.

நான் எழுதும் டிராஃப்ட்டில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு விழும். என்ன தப்பு என்று கேட்டால், "திருப்பி எழுது!" ஒரு தடவை கடுப்பாகி, அதையே அட்சரம் மாறாமல் மூன்று முறை காப்பி பண்ணிக் கொடுத்தேன். மூன்றாவது பாஸ்!

ஒருநாள் அவரே ஒரு குறிப்பு எழுதினார். 'பணியில் சேர்ந்தார்' என்பதற்கு, 'பனியில் சேர்ந்தார்'. "காஷ்மீருக்கா சார் டிரான்ஸ்ஃபர்?" என்று ஒருத்தர் கேட்க, செக்ஷனே சிரித்தது. நானும்தான். அன்று முழுக்க அவர் யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது.

"அவரு படிச்சது தெலுங்குப் பள்ளிக்கூடம் தம்பி. அப்ப இது சித்தூர் ஜில்லா" என்றார் பியூன் அண்ணன்.

வாஸ்தவம். 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி. முதலானோர் போராடி, 1960 ஏப்ரல் 1-ல்தான் இந்தப் பக்கம் வந்தது. ஊர் வந்துவிட்டது, மனுஷர் படித்த அரிச்சுவடி அங்கேயே நின்றுவிட்டது. என் டிராஃப்ட்டில் தப்பு எது என்று அவர் ஏன் சொல்வதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த ஞாயிறு திருப்பதி போனேன். பஸ் ஸ்டாண்ட் கடையில் தெலுங்கு 'சந்தமாமா' தொங்கியது. நாமெல்லாம் டிராயர் போட்ட வயசில் விழுந்து விழுந்து படித்த 'அம்புலிமாமா'வின் கூடப்பிறப்பு. இரண்டும் 1947-ல் ஆரம்பித்தவை. இவருக்கும் அப்போது பத்துப் பதினோரு வயசு இருக்குமே! ஒன்று வாங்கினேன்.

திங்களன்று அவர் மேஜையில் வைத்தேன். "லட்டு தீர்ந்துடுச்சு சார். இது கிடைச்சுது."

"நான் என்ன சின்னப் பையனா?" முறைத்துவிட்டு டிராயரில் தள்ளினார். போச்சுடா, இன்கிரிமென்ட்டுக்கு வேட்டு என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் எட்டிப் பார்த்தால், டிபன் பாக்ஸில் தயிர்சாதம் காய்ந்துகொண்டிருக்கிறது. மனுஷர் உதடு அசைய வேதாளத்தோடு போய்க்கொண்டிருக்கிறார்.

நாலு நாள் ஒன்றுமில்லை. வசவும் பழையபடிதான். வெள்ளிக்கிழமை சாயந்திரம், எல்லோரும் கிளம்பின பிறகு கூப்பிட்டார். பென்சிலில் எழுதிய ஒரு டிராஃப்ட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இதுல எங்கே ரெண்டு சுழி, எங்கே மூணு சுழின்னு பார்த்துச் சொல்லு தம்பி."

ஏழு இடம். சொன்னேன். நிதானமாக இங்க்கில் எழுதி முடித்தார்.

"வெளியே யார்கிட்டயும்..."

"சொல்ல மாட்டேன் சார்." அவர் ரிட்டையர் ஆகும்வரை சொல்லவில்லை.

திங்கட்கிழமை ரயில் பத்து நிமிஷம் லேட். ரிஜிஸ்டர் வழக்கம்போல் உள்ளே. போய் நின்றேன். எடுத்து நீட்டினார்.

"கையெழுத்துப் போடு. ஆமா, அடுத்த மாசப் புஸ்தகம் எப்போ வருமாம்?"