33 பைற் யாழ்ப்பாணம்

'யாழ்ப்பாணம்' என்று ஒருதரம் ரைப் செய்தால் அதற்கு 33 பைற் வேண்டும். அதையே ஆங்கிலத்தில் எழுதினால் 6 போதும். இணையத்தில் யுனிகோட் பயணப்படும் யூரிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கு 3 பைற். அரவுக்கு 3, மெய்யின் புள்ளிக்குக்கூட 3. பழைய பாமினி எழுத்துருவில் இதே சொல் 11 பைற்றோடு முடிந்தது. அரைப்புள்ளியைத் தட்டினால் மெய்யின் தலையில் புள்ளி விழும். ஆனால் பாமினி இல்லாத கணினியில் அந்தச் செய்தியைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்க் கொட்டிக் கிடக்கும். யுனிகோட்டுக்கு மாறியது சரிதான். கூடிய பாரத்தைக் குறைக்கும் வழி சேர்வரிலேயே இருக்கிறது. நம் தளங்கள் பல அதைத் தொட்டும் பார்ப்பதில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

அந்த வழியின் பெயர் ஜீஸிப். 1992 இல் வந்தது. பக்கத்தைக் கேட்கும்போதே உலாவி, 'சுருக்கி அனுப்பு, நான் விரித்துக்கொள்கிறேன்' என்றும் சொல்லிவிடுகிறது. ஒருமுறை வந்த பைற் வரிசை மறுபடி வந்தால், 'இவ்வளவு தூரம் பின்னால் போய் இவ்வளவை எடு' என்ற சிறு குறிப்பை மட்டும் ஜீஸிப் வைக்கும். அடிக்கடி வருவதற்குக் குட்டிக் குறியீடு கொடுக்கும். தமிழுக்கு இது வாய்ப்பான ஏற்பாடு. தமிழின் மூன்று பைற்றில் முதலாவது எப்போதும் ஒன்றே. இரண்டாவதும் இரண்டே வகை. மாறுவது பெரும்பாலும் கடைசி பைற்தான். போதாததற்கு நம் செய்தி நடை வேறு: 'இது தொடர்பில் மேலும் தெரியவருவதாவது', 'குறிப்பிடத்தக்கது' என்று பந்திக்குப் பந்தி. நிருபரின் சோம்பல் சேர்வருக்கு லாபம்! எழுத்துப் பக்கம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குவது சாதாரணம்.

படங்களிடம் இந்த வித்தை பலிக்காது. ஜேபெக் ஏற்கெனவே சுருங்கியது. மரண அறிவித்தலுக்கு கமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றிவிட்டு ஜீஸிப்பைக் குறை சொல்லக்கூடாது. படத்தை அளவாக வெட்டித்தான் ஏற்ற வேண்டும். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் நாம் இறக்குகிற ஸ்கான் பிடிஎஃப்களுக்கும் இதனால் பெரிய பலன் இராது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ரைப் செய்த நூல்கள் என்றால் கதை வேறு. அவை வெறும் எழுத்து.

என்ஜின்எக்ஸ் சேர்வரில் ஜீஸிப் இயல்பாக நிறுத்தித்தான் இருக்கும். ஒரு வரியில் இயக்கலாம். இயக்கினாலும் எச்ரிஎம்எல் மட்டுமே சுருங்கும். சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் வகைகளை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். அப்பாச்சியில் மொட்-டிஃப்ளேற் இந்த வேலையைச் செய்யும். வேலை நடந்ததா என்று பார்க்க, குரோமில் எஃப்12 ஐத் தட்டி, நெற்வேர்க் பகுதியில் பக்கத்தைத் தெரிந்து, சேர்வரின் பதிலில் 'கொன்ரென்ற்-என்கோடிங்' என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

கொழும்பில் ஃபைபரில் இருப்பவருக்கு இது ஒரு கண்சிமிட்டல். 2022 நெருக்கடியில் கட்டணம் ஏறியபின் எண்ணி எண்ணி றீலோட் போடுபவருக்கும், நெடுந்தீவில் ஒரு கோட்டுச் சிக்னலில் செய்தி வாசிப்பவருக்கும் அப்படியில்லை.

உங்கள் கோயிலுக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ தளம் இருந்தால், அதைச் செய்து தந்த தம்பிக்கு இன்றைக்கே ஒரு கோல் எடுங்கள். ஜீஸிப் இலவசம், தம்பியின் அரை மணித்தியாலத்துக்கு மட்டும் ஏதாவது பார்த்துக் கொடுங்கள்.