ஒரு அம்மம்மா, ரெண்டு ஆஸ்பத்திரி, ஒரு சொப்பிங் பேக்

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீரமுனையில் ஒரு ராத்திரி தலை சுற்றி விழுந்துவிட்டார். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வேறொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். இரண்டாவது இடத்தில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி: "அம்மா என்ன மருந்து பாவிக்கிறா?"

"சுகருக்கு ஒரு வெள்ளைக் குளிசை சேர். பிரஷருக்கு ஒரு சின்னக் குளிசை. நெஞ்சுக்கு எண்டு இன்னொண்டு, அது பின்னேரத்தில…"

டொக்டர் பேனையை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். வெள்ளைக் குளிசை என்றால் எது? ஃபார்மசியில் பாதிக் குளிசைகள் வெள்ளைதானே.

கிளினிக் கொப்பி வீட்டில், அலுமாரிக்கு மேலே, ஒரு சொப்பிங் பேக்குக்குள் இருந்தது. முதல் ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்த ரிப்போர்ட் அங்குள்ள கம்பியூட்டரில் இருந்தது. அதனால் திரும்பவும் ஊசி, திரும்பவும் இரத்தம். தம்பி மோட்டார் சைக்கிளில் பறந்து போய் பேக்கைக் கொண்டு வந்த பிறகுதான் தெரிந்தது, "நெஞ்சுக்கு" என்று நாங்கள் சொன்னது இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வோபரின் குளிசை என்று. அதை எடுக்கிறவருக்கு சாதாரண நோவுக் குளிசைகள் சிலதைக் கொடுத்தாலே உள்ளுக்குள் இரத்தம் கசியலாம். அந்த டொக்டர் கவனமானவர், கொப்பி வரும்வரை பொறுத்திருந்தார். அம்மம்மா இப்போது சுகம்.

எந்த ஆஸ்பத்திரிகள் என்று சொல்லப்போவதில்லை. அங்கே வேலை செய்தவர்கள் மேல் எங்களுக்குக் கோபமும் இல்லை. எங்களை உறுத்தியது வேறு. இரண்டு இடத்திலும் கம்பியூட்டர் இருந்தது, இரண்டு இடத்திலும் அம்மம்மாவின் பெயரைத் தட்டிப் பதிந்தார்கள். ஆனால் ஒன்று எழுதியதை மற்றது வாசிக்க முடியாது. அன்றைக்கு எங்கள் பகுதியின் சுகாதாரத் தகவல் வலையமைப்பு என்பது தம்பியின் மோட்டார் சைக்கிள்தான். அதில் பெற்றோல் இல்லாமல் இருந்திருந்தால்?

"ஆஸ்பத்திரியை டிஜிட்டல் ஆக்குங்கள்" என்று எல்லாரும் பேசுகிறார்கள். கம்பியூட்டர் கொடுத்துப் படமும் எடுக்கிறார்கள். எங்கள் கருத்து இதுதான்: மெஷின் வாங்குவது முக்கால்வாசி விஷயமே இல்லை. மெஷின்கள் எந்தப் பொது மொழியில் பேசவேண்டும் என்ற உடன்பாடுதான் விஷயம். அந்த உடன்பாடு எழுதப்படும் மேசையில் எங்களைப் போன்ற ஊர்க்காரர்களும் இருக்கவேண்டும்.

பொது நியமம் என்றால் என்ன? வீட்டு பிளக்கை நினைத்துப் பாருங்கள். 5 ஆம்பியர் உருண்டை முள், 15 ஆம்பியர் பெரிய உருண்டை முள், 13 ஆம்பியர் சதுர முள் என்று இலங்கையில் ஒரே வீட்டுக்குள் மூன்று சாதி. நடுவில் சூடேறி மணக்கும் ஒரு அடெப்டர். கடைசியில் எல்லாவற்றுக்கும் 13 ஆம்பியர் சதுர முள்தான் என்று நாட்டுக்கே ஒரு முடிவெடுத்தார்கள். அதற்காக எல்லாரும் ஒரே கம்பனி ஃபேன் வாங்கவில்லை. முள்ளின் வடிவம் மட்டும்தான் பொது.

ஆஸ்பத்திரி மென்பொருளிலும் இதே கதைதான். பத்து சிஸ்டங்களை ஒவ்வொன்றோடும் தனித்தனியாக இணைக்கப் போனால் 45 இணைப்பு வேண்டும். எல்லாம் ஒரே நியமத்தில் பேசினால், ஒவ்வொன்றும் அந்த நியமத்தைப் பேசப் பழகினால் போதும், பத்தே பத்து வேலை.

அந்த நியமத்துக்குள் மூன்று விஷயம் இருக்கிறது. முதலாவது, ஆள் யார் என்பது. அடையாள அட்டை இலக்கம் போதாது, பிறந்த குழந்தைக்கு அது இல்லை. ஃபோன் நம்பரும் போதாது, ஒரு வீட்டுக்கே ஒரு ஃபோன் இருக்கும். இதற்காகத்தான் இலங்கையில் தனிநபர் சுகாதார இலக்கம் என்று 11 இலக்கங்கள் கொண்ட ஒரு எண் வந்தது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு, ஒரு எண்ணைப் பிழையாகத் தட்டினால் கம்பியூட்டருக்குத் தெரியும்.

இரண்டாவது, வருத்தம் என்ன என்பது. எங்கள் ஊரில் சீனி வருத்தம், பள்ளிப் புத்தகத்தில் நீரிழிவு, பெரியவர்கள் வாயில் சலரோகம், சிங்களத்தில் தியவடியாவ. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய் வகைப்பாட்டில் இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஒரே குறியீடு: ஈ11. கம்பியூட்டர் ஈ11 என்று வைத்துக்கொள்ளும், திரையில் எந்த மொழியிலும் காட்டும். அளவுகளுக்கும் இது வேண்டும். இங்கே சாப்பிடாமல் எடுக்கும் சுகர் 126 என்றால் பயப்படுகிறோம். லண்டனிலிருந்து வரும் மாமாவின் ரிப்போர்ட்டில் அதே அளவு 7 என்றிருக்கும். இங்கே டெசிலீட்டருக்கு மில்லிகிராம், அங்கே லீட்டருக்கு மில்லிமோல். அலகு இல்லாமல் 7 என்று மட்டும் ஒரு சிஸ்டம் இன்னொன்றுக்கு அனுப்பினால், மாமாவுக்கு சுகர் அடியோடு இறங்கிவிட்டது என்று யாராவது குளுக்கோஸ் ஏற்றப் போவார்கள்.

மூன்றாவது, தகவலை எந்த உறையில் போட்டு அனுப்புவது என்பது. 1987இல் அமெரிக்காவில் தொடங்கிய எச்.எல். செவன் என்ற அமைப்பு இதற்கான நியமங்களை எழுதுகிறது. இப்போது பல நாடுகள் பேசுவது அவர்களின் எஃப்.எச்.ஐ.ஆர்., 'ஃபயர்' என்று உச்சரிப்பார்கள். 2011இல் அவுஸ்திரேலியாவின் கிரஹாம் கிரீவ் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது. காசு கொடுக்காமல் யாரும் எடுத்துப் பாவிக்கலாம்.

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, இலங்கையில் நடக்குமா?" என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. 2020 ஜனவரியில், இங்கே முதலாவது கொரோனா தொற்றாளர் கண்டுபிடிக்கப்பட்ட அதே மாதத்தில், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் கண்காணிக்க ஒரு சிஸ்டத்தை நம் நாட்டவர்களே கட்டினார்கள். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த டி.எச்.ஐ.எஸ். 2 என்ற திறந்த மென்பொருளில் கட்டியது. பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. 2021இல் தடுப்பூசிச் சான்றிதழ் வந்தபோது, அதே டி.எச்.ஐ.எஸ். 2 தரவை இந்தியாவில் உருவான டிவொக் என்ற மென்பொருளோடு இணைத்து கியூ.ஆர். சான்றிதழ் கொடுத்தார்கள். கட்டாருக்கும் சவூதிக்கும் போக நின்ற எங்கள் பகுதிப் பொடியன்கள் ஃபோனில் வைத்துத் திரிந்தது அதைத்தான். நோர்வேயில் பிறந்த ஒன்றும் பெங்களூரில் பிறந்த ஒன்றும் பேசிக்கொண்டன. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிகள் ரெண்டு பேச முடியாதா?

வழிகாட்டி இல்லை என்றும் சொல்ல ஏலாது. சுகாதார அமைச்சு 2016இலேயே இலத்திரனியல் சுகாதாரத்துக்கான தேசிய வழிகாட்டல்களையும் நியமங்களையும் ஒரு ஆவணமாக வெளியிட்டது. ஆனால் கட்டுகிறவர்கள் தனித்தனி. வார்டில் இருந்தவர்களின் வருத்தக் கணக்குக்கு ஒரு சிஸ்டம், தாய் சேய் நலத்துக்கு இன்னொன்று, மருந்து இருப்புக்கு வேறொன்று, தனியார் லெப் ஒவ்வொன்றுக்கும் அதனதன் மென்பொருள். ஒவ்வொரு திட்டமும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அடுத்ததோடு பேசுவது யாருடைய வேலை என்றுதான் யாருக்கும் தெரியாது.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். கல்முனையில் ஒரே ஊருக்குள் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன: அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கு ஆதார வைத்தியசாலை. (மேலே சொன்ன கதைக்கும் இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.) எந்தச் சனம் எங்கே கூடுதலாகப் போகும் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிரதேச செயலகத்தில் தொடங்கி எதை எடுத்தாலும் "ஒன்றாக்குவதா, பிரிப்பதா" என்ற சண்டை எங்களுக்குப் பழகிப்போனது. பொது நியமத்தில் எங்களுக்குப் பிடித்ததே இந்த இடம்தான். ஒன்றாக்கத் தேவையே இல்லை. அவரவர் ஆஸ்பத்திரி, அவரவர் மென்பொருள், அவரவர் நிர்வாகம் அப்படியே இருக்கட்டும். நோயாளி வாசலைத் தாண்டும்போது அவருடைய தகவலும் கூடவே தாண்டினால் போதும்.

இதை எழுதும் நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். "உங்களுக்கு இதில் என்ன வேலை?" என்று எஞ்சினியரிங் படிக்கும் நண்பர்கள் சிரித்தார்கள். வேலை இருக்கிறது. முதலில் பெயரைப் பாருங்கள். எங்கள் தமிழ் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கும். முஸ்லிம் நண்பர்களின் பெயருக்கு முன் எம்.ஐ.எம்., ஏ.எல். என்று ஒரு ரயிலே ஓடும். முகம்மது என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். வீரமுனையை ஒரு கந்தோரில் 'வி' போட்டு எழுதுவார்கள், இன்னொன்றில் 'டபிள்யூ' போட்டு எழுதுவார்கள். தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில் எங்கள் சுகாதாரப் பிராந்தியம் 'கல்முனே' என்றுதான் இருக்கிறது. மாவட்டம் 25, சுகாதாரப் பிராந்தியம் 26. அந்த 26ஆவது நாங்கள்தான். அட்டவணையில் மாவட்டத்தை மட்டும் வைத்து ஒருவர் மென்பொருள் செய்தால் நாங்கள் அம்பாறைக்குள் கரைந்துவிடுவோம்.

இதற்கும் நியமத்தைக் குறை சொல்ல முடியாது. எஃப்.எச்.ஐ.ஆரில் குடும்பப் பெயர் கட்டாயமே இல்லை. முழுப் பெயரையும் ஒரே வரியாக, தமிழிலேயே வைக்கலாம். அதைக் கட்டாயமாக்கி, நட்சத்திரக் குறி போட்டு, நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகவிடாமல் செய்வது உள்ளூரில் ஃபோம் வடிவமைக்கிறவர். அவருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயர்கள் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் அந்தக் குறி இருந்திராது.

இரண்டாவது விஷயம் இன்னும் கஷ்டமானது: நம்பிக்கை. வீரமுனையில் 1990ஐ மறக்காதவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பெயர் எழுதிக்கொண்டு போக ஒருவர் வந்தால் "ஏன் மனே, எதுக்கு?" என்றுதான் கேட்பார்கள். முஸ்லிம் நண்பர்களின் வீடுகளில் 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை இருந்த பயம் வேறு. கொரோனா என்று பதிவானால் ஜனாஸாவை அடக்க முடியாது, எரிப்பார்கள். ரெஜிஸ்டரில் ஒரு சொல், அதை வைத்து ஒரு குடும்பத்தின் இறுதிக் கடமையே பறிபோனது. காய்ச்சல் வந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்த காலம் அது. இப்படிப்பட்ட சனத்திடம் போய் "உங்கள் எல்லாத் தகவலையும் இணைக்கப்போகிறோம்" என்றால் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். இணைப்பு நல்ல தகவலையும் கடத்தும், அதைத் தவறாகப் பாவிக்க நினைப்பவனின் கையையும் நீட்டிவிடும்.

இதற்கு எஸ்தோனியா ஒரு வழி காட்டுகிறது. 2008இலிருந்து அங்கே நாடு முழுக்க இணைந்த சுகாதாரப் பதிவு இருக்கிறது. தன் பதிவை யார் திறந்து பார்த்தார்கள் என்று ஒவ்வொருவரும் தானே பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். இந்தியாவில் 2021இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 14 இலக்க எண் கொடுக்கிறார்கள், நோயாளியின் சம்மதத்தோடு பகிர்வது என்பதை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். எங்களிடமும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக் கவுண்டர் வரை வந்து சேரவேண்டும்.

"மருந்தே தட்டுப்பாடாக இருக்கிற நாட்டில் இது ஆடம்பரம்" என்பது நாங்கள் அடிக்கடி கேட்ட மறுப்பு. 2022இல் வரிசையில் நின்றவர்கள் நாங்கள், அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் மருந்து குறைவாக இருக்கும்போதுதான் எந்த ஆஸ்பத்திரியில் எது எத்தனை இருக்கிறது என்று தெரியவேண்டும். எடுத்த இரத்தத்தையே திரும்ப எடுப்பது பணக்கார நாட்டுக்குக் கட்டுப்படியாகலாம். எங்களுக்கு ஏலாது.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய காசு பிடிக்கும் விஷயங்கள் இல்லை. அரச காசில் எந்த ஆஸ்பத்திரி மென்பொருள் வாங்கினாலும், பொது நியமத்தில் தகவலை அனுப்பவும் பெறவும் முடியாவிட்டால் வாங்குவதில்லை என்று டெண்டரிலேயே எழுதுங்கள். பெயரைத் தமிழிலும் பதியுங்கள், குடும்பப் பெயரைக் கட்டாயமாக்காதீர்கள். பதிவைத் திறந்தது யார் என்று நோயாளிக்குக் காட்டுங்கள். எல்லாத் தகவலையும் ஒரேயடியாக இணைக்க முன், மருந்துப் பட்டியல், ஒவ்வாமை, கடைசி இரத்த ரிப்போர்ட் மூன்றை மட்டும் முதலில் இணைத்துப் பாருங்கள்.

அதுவரைக்கும் வாசிக்கிற உங்களிடம் ஒரு கெஞ்சல். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மம்மாவின், மூத்தம்மாவின், வாப்பாவின் கிளினிக் கொப்பியை எடுங்கள். மருந்துப் பெயர் இருக்கும் பக்கத்தைத் தெளிவாக ஃபோட்டோ எடுத்து, வீட்டில் ரெண்டு பேருடைய ஃபோனிலாவது வையுங்கள். "வெள்ளைக் குளிசை" என்று நாங்கள் சொன்ன மாதிரி நீங்கள் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.