எஃப்.பி.ஐ-யைக் கரைசேர்த்த ‘அஜைல்’... ஐடி ஊழியர்களுக்கு ஏன் அலுத்துப்போச்சு?

காலையில் லாகின் செய்ததும் ஸ்டாண்ட்-அப் மீட்டிங். இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட். ‘அஜைல்’ என்று சொன்னாலே ஐடி ஊழியர்கள் பலர் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால், அமெரிக்காவின் எஃப்.பி.ஐ-யை ஒரு பெரிய சிக்கலில் இருந்து மீட்டதே இந்த முறைதான்.

அப்படி என்ன சிக்கல்?

வழக்கு ஆவணங்களைக் காகிதத்தில் இருந்து கம்ப்யூட்டருக்கு மாற்ற எஃப்.பி.ஐ எடுத்த முயற்சி, 17 கோடி டாலர் செலவான பிறகு 2005-ல் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே ‘சென்டினல்’ என்ற புதுத் திட்டம், லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் போனது. 2009 டிசம்பரில் முடிய வேண்டிய வேலை. 2010-ல் பார்த்தால், 45.1 கோடி டாலர் பட்ஜெட்டில் சுமார் 40.5 கோடி காலி! நான்கு கட்டங்களில் இரண்டுதான் முடிந்திருந்தன. இதே போக்கில் போனால் இன்னும் 6 ஆண்டுகளும், குறைந்தது 35.1 கோடி டாலரும் வேண்டும் என்று மைட்டர் அமைப்பு மதிப்பிட்டது.

அதன்பிறகு எஃப்.பி.ஐ வேலையைத் தன் கையில் எடுத்தது. சின்ன டீம், இரண்டு வார ஸ்பிரிண்ட். ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் ஓடுகிற சாஃப்ட்வேரைக் காட்டியாகணும். ‘80 சதவீதம் முடிஞ்சிருச்சு’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. 2011 செப்டம்பர் கெடு தவறியது. அக்டோபரில் நடந்த சோதனையில் சிஸ்டம் இரண்டு முறை படுத்தது. காரணம், ஹார்டுவேர் போதவில்லை. ஆனால் அது தெரிந்தது சோதனையில். எல்லோரும் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு அல்ல. 2012 ஜூலையில், அதே 45.1 கோடி டாலருக்குள் சென்டினல் பயன்பாட்டுக்கு வந்தது.

அப்போ எங்கே இடிக்குது?

2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸ்னோபேர்ட் பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதியதுதான் அஜைல் அறிக்கை. நடைமுறையைவிட மனிதர்கள், ஆவணத்தைவிட ஓடுகிற சாஃப்ட்வேர், ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை, திட்டத்தைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது. சாராம்சம் அவ்வளவுதான். ஸ்டாண்ட்-அப், ஸ்பிரிண்ட், ஸ்டோரி பாயிண்ட் என்ற சொற்களே அதில் கிடையாது.

இதில் ஸ்டோரி பாயிண்ட் கதை தனி. ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று டீம் தங்களுக்குள் போடும் உத்தேசக் கணக்கு அது. பல இடங்களில் மார்க் ஷீட் ஆகிவிட்டது. ‘போன ஸ்பிரிண்ட்ல 30, இப்போ ஏன் 24?’ என்று மேனேஜர் கேட்டால், அடுத்த முறை 5 பாயிண்ட் வேலைக்கு 8 போடுவார்கள். பாயிண்ட் ஏறும், வேலை ஏறாது. அந்த 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ‘ஸ்டோரி பாயிண்ட்டைக் கண்டுபிடித்தது நானாக இருந்தால், அதற்கு வருந்துகிறேன்’ என்ற பொருளில் 2019-ல் எழுதினார்.

இன்னொரு பக்கம் ஒப்பந்தம். தேதி, தொகை, அம்சங்கள் மூன்றையும் முதல் நாளே கையெழுத்துப் போட்டுப் பூட்டிவிட்டு, மேலே ‘அஜைல்’ என்று ஸ்டிக்கர் ஒட்டினால் என்ன ஆகும்? இரண்டு வாரத்துக்கு ஒரு டெட்லைன் என்பதுதான் மிச்சம். வெளிநாட்டு கிளையண்ட்டுக்கு வேலை செய்யும் சர்வீஸ் கம்பெனிகளில் இந்த அழுத்தம் அதிகம். சாஃப்ட்வேரைப் பயன்படுத்தப்போகிறவரை டீம் பார்த்தே இருக்காது. எஃப்.பி.ஐ-க்கோ, பயன்படுத்தப்போகிறவர்கள் சொந்த ஊழியர்கள்.

வேலைக்கே ஆபத்தா?

2023 ஜனவரியில் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கி, அஜைல் பிரிவின் 1,100-க்கும் மேற்பட்ட பணியிடங்களை நீக்கியது. அஜைலைக் கைவிடுவதாக வங்கி சொல்லவில்லை. அந்த நடைமுறைகளை இன்ஜினியரிங் வேலையோடே சேர்த்துவிடுவதாகச் சொன்னது. டீமை வழிநடத்த மட்டுமே தனியாக ஆள் வைத்திருந்த பதவிகள்தான் முதலில் அடிவாங்கின.

அதற்கு முன்பே, ஸ்டாண்ட்-அப்பில் கேட்கப்படும் ‘நேத்து என்ன பண்ணீங்க, இன்னைக்கு என்ன பண்ணப்போறீங்க, ஏதாவது தடங்கலா?’ என்ற மூன்று கேள்விகளை ஸ்க்ரம் கையேடு தன் 2020 பதிப்பில் நீக்கிவிட்டது. அந்த 15 நிமிடம், டெவலப்பர்கள் தங்கள் அன்றைய வேலையைத் தாங்களே திட்டமிட. மேனேஜருக்கு ரிப்போர்ட் கொடுக்க அல்ல என்பதுதான் கையேட்டின் கணக்கு. பல ஆபீஸ்களில் அந்த மூன்று கேள்விகள் இன்னும் நிற்கவில்லை.